டெஸ்டில் பாஸ், இன்டர்வியூவில் ஃபெயில்: எதை வைத்துத்தான் ஆள் எடுக்கிறார்கள்?

சத்தியவேடு டிப்ளமோ

எல்லோருக்கும் வணக்கம். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து ஒன்றே முக்கால் வருஷம் ஆகிறது. போன இரண்டு மாதத்தில் நாலு கம்பெனி ஏறி இறங்கிவிட்டேன். ஆந்திரா எல்லைக்குள் ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் இரண்டு, தடா பக்கம் ஒன்று, தமிழ்நாட்டுப் பக்கம் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒன்று. நாலிலும் எழுத்துத் தேர்வு பாஸ். ஓரிடத்தில் அறுபத்துச் சொச்சம் பேரில் இரண்டாவது மார்க். கேட்டில் ஒட்டிய லிஸ்ட்டைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன், அம்மாவிடம் காட்டுவதற்கு. நாலிலும் ஹெச்.ஆர். ரவுண்டில் கழன்றுகொண்டது. "போன் பண்ணுவோம்" என்றார்கள். இன்னும் வரவில்லை.

ஒரு ரூமில் நடந்ததைச் சொல்கிறேன். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் "டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்" என்றார். மனப்பாடம் பண்ணிக்கொண்டு போனது மூன்றாவது வரியில் நின்றுவிட்டது. இடது பக்கம் இருந்தவர் பாவம் பார்த்துத் தெலுங்கில் கேட்டார். பத்தாவது வரை தெலுங்கு மீடியம் படித்தவன்தான், பதில் சொன்னேன். அவர் சிரித்துவிட்டுப் பக்கத்து ஆளிடம் "அரவ தெலுகு" என்றார், அதாவது தமிழன் பேசும் தெலுங்காம். அதோடு எழுந்து வந்துவிட்டேன். மெஷின் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கும்மிடிப்பூண்டியில் இதற்கு நேர்மாறு. ஆதாரைத் திருப்பிப் பார்த்துவிட்டு "ஆந்திரா அட்ரஸா தம்பி?" என்று கேட்டு ஓரமாக வைத்துவிட்டார்கள்.

தாத்தா பிறந்தபோது எங்கள் ஊர் செங்கல்பட்டு மாவட்டம். 1960-இல் எல்லையை மாற்றினார்கள். திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் போனது, சத்தியவேடு ஆந்திரா பக்கம் வந்தது. அப்பா பிறந்தது சித்தூர் மாவட்டம். 2022-இலிருந்து நாங்கள் திருப்பதி மாவட்டம். வீடு மட்டும் அதே புளியமரத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவர்கள் யாராவது இங்கே இருந்தால் உண்மையைச் சொல்லுங்கள். எதைப் பார்த்து மார்க் போடுகிறீர்கள்?

டீக்கடை பெஞ்ச்

இதில் என்ன ரகசியம்? ஆளை ஏற்கெனவே எடுத்தாயிற்று. உங்களைக் கூப்பிட்டது ஃபைலுக்காக. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு கன்சல்டன்சிக்காரனிடம் "யூனிஃபார்ம், மெடிக்கல்" என்று எட்டாயிரம் கட்டினேன். இருபத்திரண்டு நாள் வேலை. அப்புறம் "லைன் குறைஞ்சிடுச்சு" என்று கேட்டிலேயே கார்டை வாங்கிக்கொண்டார்கள். ரசீது கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தான், அதில் அவன் பெயர்கூட இல்லை.

பழைய ஹெச்.ஆர்.

பதினாலு வருஷம் அந்த மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்தவள். கும்மிடிப்பூண்டியிலும் வேலை செய்திருக்கிறேன், எல்லை தாண்டியும் செய்திருக்கிறேன். இப்போது அந்த வேலையில் இல்லை, அதனால் சொல்லலாம்.

பெஞ்ச் தம்பி சொல்வது சில இடங்களில் உண்மை. ஆனால் டிப்ளமோ தம்பிக்கு நடந்தது வேறு மாதிரி தெரிகிறது. எங்களிடம் ஒரு தாள் இருக்கும். அதில் ஐந்து கட்டம்: படிப்பு, டெக்னிக்கல், கம்யூனிகேஷன், ஆட்டிட்யூட், ஸ்டெபிலிட்டி. ஒவ்வொன்றுக்கும் பத்து. பார்க்க ரொம்ப நியாயமாக இருக்கும். நடப்பது என்னவென்றால், டெஸ்ட் பாஸ் ஆனவர்கள்தானே உள்ளே வருகிறார்கள்? அதனால் முதல் இரண்டு கட்டத்திலும் எல்லோருக்கும் ஏழு, ஏழு, எட்டு என்று விழுந்துவிடும். ஆளுக்கு ஆள் வித்தியாசம் காட்டுவது மிச்சம் மூன்று கட்டம்தான். ஐம்பது மார்க் தாள் என்று பெயர், உண்மையில் முப்பதில்தான் சண்டை.

கம்யூனிகேஷன் என்றால் இங்கிலீஷ் எவ்வளவு வேகமாக வருகிறது என்பது. ஸ்டெபிலிட்டி என்றால் ஆறு மாதத்தில் ஓடிவிடுவானா என்பது. அதை எப்படிக் கண்டுபிடிப்போம்? வீடு எவ்வளவு தூரம், கம்பெனி பஸ் அந்தப் பக்கம் போகிறதா, கல்யாணம் ஆயிற்றா, சொந்த நிலம் இருக்கிறதா. நிலம் இருந்தால் நடவுக்கு லீவு போடுவான் என்று மைனஸ். நிலம் இல்லாவிட்டால் எங்கே வேண்டுமானாலும் போய்விடுவான் என்று அதற்கும் மைனஸ். நான் இரண்டையும் எழுதியிருக்கிறேன். ஆட்டிட்யூட் என்றால் என்ன என்று பதினாலு வருஷத்தில் யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. முகத்தைப் பார்த்துப் போடுவதுதான்.

ஒரு பையன் பேசும்போது தரையையே பார்த்துக்கொண்டிருந்தான் என்று கம்யூனிகேஷனுக்கு நாலு போட்டேன். நிராகரித்தோம். என்ன வேலைக்கு? கம்ப்ரசர் ரூம் ஆபரேட்டர். அந்தச் சத்தத்தில் காதில் பிளக் வைத்துக்கொண்டு தனியாக எட்டு மணி நேரம் இருக்க வேண்டும். யாரிடம் பேசப் போகிறான்?

காரணம் ஏன் சொல்வதில்லை என்றால், சொன்னால் பேச்சு வளரும், எழுதிக் கொடுத்தால் கேஸ் வளரும் என்ற பயம். பல சமயம் சொல்வதற்குக் காரணமே இருக்காது என்பது வேறு விஷயம்.

சத்தியவேடு டிப்ளமோ

அக்கா, கோபம் வரவில்லை, ஆனால் சிரிப்பும் வரவில்லை. எங்களுக்கு முக்கால் ஏக்கர் நிலம் இருக்கிறது. அதற்கு எத்தனை மைனஸ்?

லைன் இன்சார்ஜ்

ஹெச்.ஆர். மேடம் உடைத்துச் சொன்னதற்கு நன்றி. ஷாப் ஃப்ளோர்காரன் நான். எங்களிடம் ஆளை அனுப்பும்போது ஏற்கெனவே சலித்துத்தான் அனுப்புவார்கள், நல்லவர்கள் பாதிப் பேர் சல்லடையின் கீழே விழுந்திருப்பார்கள். நாலு வருஷம் முன்னால் மேனேஜரிடம் சண்டை போட்டு ஒரு வேலை செய்தேன். ஹெச்.ஆருக்கு முன்னால் இருபது நிமிஷம் எனக்குக் கொடுங்கள் என்றேன்.

ஒரு ஸ்டீல் தட்டு. அதில் இருபது எம்-8 போல்ட், இருபது நட்டு. போல்ட்டில் பதினேழு சாதாரணப் புரி, அதாவது 1.25 பிட்ச் (புரிக்குப் புரி 1.25 மி.மீ. இடைவெளி). மூன்று மட்டும் ஃபைன் புரி, 1.0 பிட்ச். கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. "எல்லாவற்றையும் மாட்டி வை" என்பேன், அவ்வளவுதான். ஃபைன் போல்ட்டில் சாதாரண நட்டு இரண்டு சுற்றுக்குள் இறுகும். அங்கேதான் ஆள் தெரிவான். சிலர் ஸ்பேனரை எடுத்து அழுத்தித் திருகிப் புரியையே தின்றுவிடுவார்கள். சிலர் என்னைப் பார்க்காமல் அந்தப் போல்ட்டை நைசாகத் தட்டின் அடியில் தள்ளுவார்கள். சிலர் கழற்றி, வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு போல்ட்டின் புரியையும் ஒன்றோடொன்று ஒட்டவைத்துப் பார்த்துவிட்டு "சார், இது வேறங்க" என்பார்கள். அந்த மூன்றாவது ஆள் எந்த மொழியில் சொன்னாலும் எனக்குப் புரியும்.

அப்புறம் ஒரு வெர்னியர், நுணுக்கமாக அளக்கும் கருவி. வேண்டுமென்றே ஜீரோ எரர் உள்ளதாக, அதாவது தாடையை மூடினாலும் பூஜ்யம் காட்டாததாக வைத்திருப்பேன். ரீடிங் சரியா தப்பா என்பது எனக்கு இரண்டாவது. அளப்பதற்கு முன்னால் தாடையைத் துடைத்தானா, மூடி ஜீரோ பார்த்தானா என்றுதான் பார்ப்பேன். முப்பது பேரில் ஏழெட்டுப் பேர் செய்வார்கள். காலேஜில் எல்லோரும்தான் படிக்கிறார்கள், கை நினைவு வைத்துக்கொள்வது சிலருக்குத்தான்.

டீக்கடை பெஞ்ச்

நல்லாத்தான் இருக்கு. ஆனால் தட்டு மட்டும் நியாயமா? நட்டு போல்ட்டையே தொடாத ஏழைப் பையன் ஐ.டி.ஐ.யில் மெஷின் பக்கம் விடாமல் வைத்திருந்தால் அவன் என்ன செய்வான்? லேப் நல்லா இருக்கிற காலேஜில் படித்தவன்தான் உங்கள் தட்டில் பாஸ்.

லைன் இன்சார்ஜ்

கேள்வி சரிதான். அதற்குத்தான் மாட்டச் சொல்வதற்கு முன்னால் ஒரு செட்டை நானே மாட்டிக் காட்டுகிறேன். சொல்லிக் கொடுத்ததைப் பிடித்துக்கொள்கிறானா என்று பார்க்கலாம். ஆனால் முழுசாகச் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

நாகலாபுரம் லெக்சரர்

பாலிடெக்னிக்கில் பாடம் எடுக்கிறேன், பிளேஸ்மென்ட் பொறுப்பும் என் தலையில். இன்சார்ஜ் சாரின் தட்டுக்கு ஆராய்ச்சி ஆதரவு இருக்கிறது என்பதைச் சொல்லத்தான் வந்தேன். ஆனால் கதை கொஞ்சம் வளைந்து போகிறது.

ஆள் எடுக்கும்போது போட்ட மார்க்கும், பிறகு அந்த ஆள் வேலை செய்த லட்சணமும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று ஒரு எண்ணால் சொல்வார்கள். 0 என்றால் சீட்டுக் குலுக்கி எடுப்பது மாதிரி, 1 என்றால் ஜோசியம் பலித்த மாதிரி. 1998-இல் ஷ்மிட், ஹண்டர் என்ற இரண்டு பேர் 85 வருஷ ஆய்வுகளைத் திரட்டி ஒரு பட்டியல் போட்டார்கள். வேலையைச் செய்துகாட்டச் சொல்வது 0.54. எல்லோருக்கும் ஒரே கேள்வி கேட்டு, ஒரே அளவுகோலில் மார்க் போடும் இன்டர்வியூ 0.51. வாய்க்கு வந்ததைக் கேட்கும் இன்டர்வியூ 0.38. எத்தனை வருஷம் அனுபவம் என்பது 0.18. கையெழுத்தைப் பார்த்துக் குணம் சொல்வது 0.02, அதாவது பூஜ்யம்.

இருபது வருஷத்துக்கு மேல் எல்லோரும் இந்தப் பட்டியலைத்தான் ஒப்பித்தார்கள், நானும் வகுப்பில் ஒப்பித்திருக்கிறேன். 2022-இல் சாக்கெட் என்பவரும் கூட்டாளிகளும் கணக்கைத் திரும்பப் போட்டார்கள். வேலைக்குச் சேர்ந்தவர்களை மட்டும்தான் நாம் அளக்க முடிகிறது, நிராகரித்தவர்களை அளக்க முடிவதில்லை. அதற்காகப் போடும் திருத்தத்தைப் பழைய கணக்கில் அளவுக்கு மேல் போட்டுவிட்டார்கள் என்று காட்டினார்கள். புதுக் கணக்கில் ஒழுங்குபடுத்திய இன்டர்வியூ 0.42, முதலிடம். வேலை பற்றிய அறிவுத் தேர்வு 0.40. செய்துகாட்டுவது 0.33. வாய்க்கு வந்ததைக் கேட்பது 0.19. அனுபவ வருஷம் 0.07.

லைன் இன்சார்ஜ்

சார், என் தட்டு 0.54-லிருந்து 0.33-க்கு இறங்கிவிட்டதா? இதை மேனேஜர் படிக்காமல் இருக்க வேண்டும்.

நாகலாபுரம் லெக்சரர்

பயப்படாதீர்கள், மேனேஜரின் "பார்த்தாலே தெரியும்" என்பது 0.19-இல் இருக்கிறது. இன்னொன்றையும் பாருங்கள். இந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கினால்தான் ஆளுக்கு ஆள் இருக்கும் வித்தியாசத்தில் எத்தனை பங்கை முன்கூட்டிச் சொல்ல முடிந்தது என்பது தெரியும். 0.42-க்கு ஏறக்குறைய 18 சதவீதம். 0.19-க்கு 4 சதவீதம்கூட இல்லை. உலகத்திலேயே நல்ல முறை என்று சொல்வதே ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழேதான். மிச்சம் எல்லாம் சேர்ந்த பிறகு நடப்பது: சூப்பர்வைசர் எப்படி, மெஷின் எப்படி, வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை. நாலு இடத்தில் வெளியே அனுப்பினார்கள் என்பதை வைத்து டிப்ளமோ தம்பி தன்னைப் பற்றி ஒரு முடிவுக்கும் வரக்கூடாது. நாலு பூ-தலை சுண்டியதற்கும் அதற்கும் பெரிய தூரம் இல்லை.

முகம் பார்த்துப் போடுவது பற்றி மேடம் சொன்னது புதுசும் இல்லை. 1920-இலேயே தார்ண்டைக் என்ற உளவியலாளர் ராணுவ அதிகாரிகள் தங்கள் ஆட்களுக்குப் போட்ட மார்க்குகளைப் பார்த்தார். உடல்வாகு, புத்தி, தலைமைக் குணம் என்று தனித்தனிக் கட்டம். ஒன்றில் உசத்தி என்றால் எல்லாவற்றிலும் உசத்தியாக இருந்தது. ஒரு நல்ல அபிப்பிராயம் விழுந்துவிட்டால் அதன் வெளிச்சம் மற்றக் கட்டங்களிலும் அடிக்கிறது. மேடத்தின் ஐந்து கட்டம் உண்மையில் ஒரே கட்டம்.

பழைய ஹெச்.ஆர்.

வலிக்கிறது, ஆனால் ஒத்துக்கொள்கிறேன்.

டீக்கடை பெஞ்ச்

ஒரே கேள்வி, ஒரே அளவுகோல் என்கிறீர்களே, அது எப்படி இருக்கும்? "உன் பலம் என்ன, பலவீனம் என்ன" என்று எல்லோரையும் கேட்டாலும் ஒரே கேள்விதான்.

நாகலாபுரம் லெக்சரர்

கேள்வி வேலையிலிருந்து வர வேண்டும். பதிலுக்கு என்ன மார்க் என்று முன்னாலேயே எழுதி வைத்திருக்க வேண்டும். எங்கள் பையன்களுக்குப் பயிற்சிக்கு நான் வைத்திருப்பது ஒன்று:

"ஷிஃப்ட் முடியப் பத்து நிமிஷம். ஒரு பீஸ் அளவு பார்க்கும் கேஜில் போகவில்லை. அதற்கு முன் செய்த முந்நூறு பீஸ் பேக்கிங்குக்குப் போய்விட்டது. பஸ் கேட்டில் நிற்கிறது. என்ன செய்வாய்?"

அந்த ஒரு பீஸைத் தனியாக எடுத்து வைப்பேன் என்றால் 1. சூப்பர்வைசரிடம் சொல்வேன் என்றால் 3. மெஷினை நிறுத்தி, கடைசியாகச் சரியாக இருந்த பீஸ் எது என்று பின்னோக்கிப் போய்ப் பார்த்து, பேக்கிங்கில் அந்த லாட்டை நிறுத்தச் சொல்லி, அடுத்த ஷிஃப்ட்காரனுக்கு எழுதி வைத்துவிட்டுப் போவேன் என்றால் 5. மூன்று பேர் கேட்டால் மூன்று பேரும் தனித்தனியாக மார்க் எழுதி முடித்த பிறகுதான் பேச வேண்டும். முதலில் பெரியவர் வாயைத் திறந்தால் மற்ற இரண்டு பேனாவும் அதே பக்கம் சாயும்.

முதல் முறை கேட்டபோது ஒரு பையன் "பஸ் போயிடும் சார்" என்றான். வகுப்பே சிரித்தது. ஆனால் அவன் ஊருக்கு அதற்கப்புறம் பஸ் கிடையாது. இப்போது அந்தப் பஸ்ஸைக் கேள்வியிலேயே சேர்த்துவிட்டேன்.

பெரிய கம்பெனிகளும் இதில் சறுக்கியிருக்கின்றன. கூகுளில் புதிர்க் கேள்வி கேட்டு ஆள் எடுப்பது பிரபலமாக இருந்தது. அங்கே ஆள் எடுப்புக்குத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக் 2013-இல் அது சுத்த நேர விரயம், கேட்பவருக்குத் தன்னைப் புத்திசாலி என்று நினைத்துக்கொள்ள உதவும், அவ்வளவுதான் என்ற அர்த்தத்தில் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்.

சூளூர்பேட்டை ஐ.டி.ஐ.

இன்டர்வியூவே வேண்டாம் என்பது என் கட்சி. 2016 ஜனவரி 1 முதல் மத்திய அரசு குரூப் சி வேலைக்கும், கெஜட்டட் அல்லாத குரூப் பி வேலைக்கும் இன்டர்வியூவை எடுத்துவிட்டது. எங்கள் ஊரில் எல்லோருக்கும் ஸ்ரீஹரிகோட்டா டெக்னீஷியன் வேலை மேல்தான் கண். அதில் எழுத்துத் தேர்வு, அப்புறம் ஸ்கில் டெஸ்ட். ஸ்கில் டெஸ்டில் பாஸா ஃபெயிலா மட்டும்தான். வரிசை போடுவது எழுத்துத் தேர்வு மார்க்கை வைத்து. சிபாரிசு இல்லை, முகம் இல்லை, அரவ தெலுகு இல்லை.

லைன் இன்சார்ஜ்

அங்கேதான் எனக்கு உடன்பாடு இல்லை. மெஷினில் தங்கக் கை உள்ளவன் எழுத்தில் ஒரு மார்க் குறைந்தால் வெளியே. சுமாரான கை உள்ளவன் கோச்சிங் போய் உள்ளே.

சூளூர்பேட்டை ஐ.டி.ஐ.

அண்ணா, தங்கக் கை யார் என்று சொல்லப் போவது ஒரு மனுஷன்தானே? அந்த மனுஷன் உங்களை மாதிரியே இருப்பான் என்று என்ன உத்தரவாதம்? நான் தோற்றாலும் மார்க்கைப் பார்த்துத் தோற்றேன் என்று தெரிந்தால் தூக்கம் வரும்.

எளாவூர் அக்கா

ஆண்கள் மட்டுமே பேசிக்கொண்டிருக்கிறீர்கள் (ஹெச்.ஆர். மேடம் தவிர). எலக்ட்ரானிக்ஸ் அசெம்பிளி லைனுக்குப் பெண்களை எப்படி எடுக்கிறார்கள் என்று சொல்கிறேன், நான் ஆறு வருஷம் செய்தவள்.

முதலில் கலர் பார்வை. புள்ளி புள்ளியான வட்டத்துக்குள் எண்ணைப் படிக்க வேண்டும். வயர் கலர் தெரிய வேண்டுமே, அது நியாயம். அப்புறம் துளைப் பலகை. இரண்டு வரிசை சின்னத் துளை, ஒரு கிண்ணத்தில் மெல்லிய ஸ்டீல் ஆணி. வலது கையால் முப்பது நொடி, இடது கையால் முப்பது நொடி, அப்புறம் இரண்டு கையாலும். காலை எட்டு மணியிலிருந்து கேட்டுக்கு வெளியே வெயிலில் நிற்க வைத்துவிட்டு, பதினோரு மணிக்கு ஏசி ரூமில் உட்கார வைத்தார்கள். கை வேர்த்து ஆணி வழுக்குகிறது. முதல் தடவை பதின்மூன்று. என் பக்கத்தில் உட்கார்ந்த பெண் துப்பட்டாவில் கையைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தாள், பதினேழு. இரண்டாவது சுற்றில் நானும் துடைத்தேன்.

இதுவரைக்கும் குறையே சொல்ல மாட்டேன். அப்புறம் ஒரு மேடம் கேட்டார்: "கல்யாணம் ஆயிடுச்சா? எப்போ பண்றதா இருக்கீங்க? மாப்பிள்ளை பாக்குறாங்களா?" ஆணியை விட இதற்குத்தான் ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்கள். பதில் சொல்லாமல் இருக்க முடியுமா? "இன்னும் நாலு வருஷம் இல்ல மேடம்" என்று பொய் சொன்னேன். வீட்டில் அப்போதே நிச்சயம் ஆகியிருந்தது.

நாகலாபுரம் லெக்சரர்

அந்தத் துளைப் பலகை 1948-இல் அமெரிக்காவில் பர்டூ பல்கலைக்கழகத்தில் டிஃபின் என்பவர் ஆலைத் தொழிலாளர்களை எடுக்கத்தான் உருவாக்கியது. வரிசைக்கு இருபத்தைந்து துளை. கல்யாணக் கேள்விக்கு மட்டும் எந்த ஆராய்ச்சியும் இல்லை. 1976-ஆம் வருஷத்துச் சம ஊதியச் சட்டமே ஆள் எடுக்கும்போது பெண் என்பதால் பாரபட்சம் கூடாது என்றது. அதன் இடத்துக்கு வந்த 2019 ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அது இருக்கிறது.

எளாவூர் அக்கா

சட்டம் இருக்கட்டும் சார். கேட்டவரும் கல்யாணம் ஆனவர்தான், மேஜை மேல் குழந்தை போட்டோ இருந்தது.

பழைய ஹெச்.ஆர்.

அந்த போட்டோ என் மேஜையிலும் இருந்தது. ஒன்றும் சொல்வதற்கில்லை.

டிப்ளமோ தம்பிக்கு இரண்டு விஷயம். ஒன்று, அட்ரஸ். 2019-இல் ஆந்திரா சட்டசபை தொழிற்சாலை வேலைகளில் 75 சதவீதம் உள்ளூர் ஆட்களுக்கு என்று சட்டம் போட்டது. ஹரியானாவும் 75 சதவீதம் என்று ஒரு சட்டம் போட்டு, 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. கோர்ட் கதையை விடுங்கள், அந்த 2019-க்கு அப்புறம் நான் இருந்த இடத்தில் ரெஸ்யூம்களை முதலில் ஆதார் அட்ரஸ் வைத்துத்தான் இரண்டு கட்டாகப் பிரித்தார்கள். ஆரம்பாக்கத்துப் பையன் ஒரு கட்டு, தடாப் பையன் இன்னொரு கட்டு. நடுவில் ஒரு ரயில்வே ஸ்டேஷன் தூரம்தான். சத்தியவேடு அட்ரஸ் ஆந்திரா பக்கம் உங்களுக்குப் பலம். ரெஸ்யூமில் கடைசி வரியில் ஒளிக்காமல் மேலே எழுதுங்கள்.

இரண்டாவது, பெயர். எல்லைப் பக்கத்துப் பிள்ளைகள் செலக்ட் ஆன பிறகு விழுவது இங்கேதான். பத்தாவது மார்க் மெமோவில் தெலுங்கு வழக்கப்படி இன்டிப் பெயர், அதாவது குடும்பப் பெயர், முழுசாக முன்னால் இருக்கும். ஆதாரில் தமிழ் வழக்கப்படி அப்பாவின் இனிஷியல் ஓர் எழுத்து. கம்பெனி ஃபார்மில் "சர்நேம்" கட்டத்தைக் காலியாக விட முடியாது. பின்னணி சோதிக்கும் ஏஜென்சி எங்கோ உட்கார்ந்து மூன்றும் மூன்று ஆள் என்று எழுதிவிடும்.

டீக்கடை பெஞ்ச்

பெயரைப் பார்த்தே கூப்பிடாமல் விடுகிறார்களே, அதற்கு என்ன செய்வது? சோதனை எல்லாம் அப்புறம்தானே.

நாகலாபுரம் லெக்சரர்

அதற்கும் கணக்கு இருக்கிறது, இந்தியாவிலேயே எடுத்தது. தோரட், அட்டீவெல் என்ற இருவரின் ஆய்வு, 2007-இல் வந்தது. பத்திரிகை விளம்பரங்களுக்கு ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினார்கள். உயர்சாதி இந்துப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பை 1 என்று வைத்தால், தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. தனியார் கம்பெனிகள்தான், படித்தவர்களுக்கான வேலைதான். இன்சார்ஜ் சாரின் தட்டு எவ்வளவு நியாயமாக இருந்தாலும், தட்டு வரைக்கும் ஆள் வர வேண்டுமே.

லைன் இன்சார்ஜ்

உண்மை. என் கைக்கு வருவதற்கு முன்னால் என்ன நடக்கிறது என்று நான் கேட்டதே இல்லை. நாளைக்குக் கேட்கிறேன்.

தம்பி, எங்களிடம் ஆள் எடுக்கிறார்கள். கம்பெனி பெயரை இங்கே போட முடியாது, தனிச் செய்தியில் அனுப்புகிறேன். தட்டு இருக்கும் என்பது உனக்கு இப்போது தெரிந்துவிட்டது, அதனால் உனக்கு வேறு தட்டு.

சத்தியவேடு டிப்ளமோ

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

போனேன். இன்சார்ஜ் அண்ணன் சொன்னபடியே வேறு தட்டு வைத்தார். ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையங்கள், வாஷர், சின்ன வால்வு பாடி ஒன்று. இரண்டு ஓ-ரிங்கில் வெட்டு இருந்தது. ஒன்றைப் பிடித்தேன், ஒன்றை விட்டுவிட்டேன். வெர்னியரைத் துடைத்தேன். இங்கே படித்ததால் துடைத்தேனா, தானாகவே துடைத்திருப்பேனா என்று எனக்கே தெரியவில்லை, அதையும் அவரிடம் சொல்லிவிட்டேன். எந்த மொழியில் வேண்டுமானாலும் பேசு என்றார். வால்வைக் கழற்றும்போது தமிழில்தான் பேசினேன், "ஸ்பிரிங் உக்காரலங்க" என்று. ஹெச்.ஆர். ரூமில் மறுபடியும் "டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்" வந்தது. இந்தத் தடவை மூன்றாவது வரியைத் தாண்டி ஐந்தாவதில் நின்றேன்.

எடுத்துக்கொண்டார்கள், ஆனால் ரெகுலர் இல்லை. ஒரு வருஷம் அப்ரன்டிஸ்.

டீக்கடை பெஞ்ச்

வாழ்த்துகள் தம்பி. ஆனால் ஒரு வருஷம் முடிந்ததும் வேலை கொடுத்தே தீர வேண்டும் என்று 1961 அப்ரன்டிஸ் சட்டத்தில் பொதுவாகக் கட்டாயம் இல்லை, தெரிந்து வைத்துக்கொள். ஒரு வருஷ இன்டர்வியூ என்று வைத்துக்கொள்.

லைன் இன்சார்ஜ்

பெஞ்ச் சொல்வது சரி. எங்கள் லைனில் போன வருஷம் ஆறு பேர், நாலு பேரை வைத்துக்கொண்டோம். விட்டுப்போன ஓ-ரிங்கைப் பத்திரமாக வைத்திருக்கிறேன், முதல் நாள் காட்டுகிறேன்.

பழைய ஹெச்.ஆர்.

சேரும் தேதிக்கு முன்னால் பெயரைச் சரி பண்ணியாயிற்றா?

சத்தியவேடு டிப்ளமோ

ஆதார் சென்டரில்தான் நிற்கிறேன் அக்கா, முன்னால் பதினோரு பேர். இன்டிப் பெயர் மட்டும் பிரச்சினை என்று நினைத்தேன். என் பெயரில் ஒரு "ழ" இருக்கிறது. தெலுங்கில் அந்த எழுத்து இப்போது புழக்கத்தில் இல்லை, அதனால் மெமோவில் "ள" போட்டு, இங்கிலீஷில் எல் என்று இருக்கிறது. ஆதாரில் இசட் ஹெச். கவுன்டர் பையன் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு "எது கரெக்ட் அண்ணா?" என்கிறான். எங்க அம்மா கூப்பிடுகிற மாதிரி என்றால் இசட் ஹெச், வேலை வேண்டும் என்றால் எல். எல் போடச் சொல்லிவிட்டேன்.